கோப்பைகளுக்குக் கீழே கால்கள்

அம்மா ஆம்பூரில் ஒரு கம்பெனியில் கோல்ஃப் ஷூக்களின் மேல்பகுதி தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தோடு ஓய்வு. அதே ஷூக்களைத் தண்ணீருக்குள் மெஷினில் மடக்கி மடக்கிச் சோதிப்பது என் வேலை. "தேறிடுச்சும்மா" என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்குத் திருப்தி வராது.

"மெஷினுக்கு இன்னா தெரியும்? ஊசி போன ஓட்டை வழியா தண்ணி ஏறுதா இல்லயான்னு காலுக்குத்தான் தெரியும். போட்டுக்கினு நடக்கறவங்கள ஒரு தடவ பாத்துட்டா போதும்."

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு கோல்ஃப் கிளப், தோல் பக்குவம் தெரிந்தவள் என்று, தன் மியூசியத்தில் இருந்த பழைய தோல் சாமான்களைப் பூஞ்சை போகத் துடைத்துத் தர என்னைக் கூப்பிட்டது. அம்மாவையும் ரயிலில் கூட்டிப் போனேன்.

நான் துடைக்க வேண்டியவை: பழைய பைகள், ஒரு ஜோடி ஷூ, ஒரு கையுறை. அம்மா வெள்ளிக் கோப்பைகளை நின்று பார்க்கவில்லை. நேராகச் சுவரில் இருந்த புகைப்படங்களிடம் போனாள்.

"இன்னாடி, எல்லாரையும் முட்டியோட வெட்டிட்டாங்க? கப்பு தெரியுது, காலு தெரியல."

பிறகு கண்ணாடிப் பெட்டியில் கையுறையைப் பார்த்தாள். மியூசியத்தைக் கவனித்துக்கொண்டவரும் தமிழர்தான். அவரிடம் கேட்டாள்: "இதுக்கு ஜோடி எங்க சார்? தொலச்சிட்டீங்களா?"

எங்கள் கம்பெனியில் ஜோடி சேராத எதுவும் மேசையை விட்டு நகராது.

"ஒரு கைக்குத்தான் போடுவாங்கம்மா."

"நல்ல ஆட்டம்தான். தைக்கறவளுக்குப் பாதி வேல மிச்சம்."

அவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை; அவள் வந்த காரியம் இன்னும் முடியவில்லை.

காலையில் மழை பெய்திருந்தது. வேலை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, ஆடிவிட்டு வந்த ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து, ஷூவில் ஒட்டிய ஈரப்புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா நின்றுவிட்டாள்.

"நம்ம லைன்ல தச்ச மாடல்டி."

நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு வலது ஷூவைக் கழற்றி இரண்டு கைகளாலும் நீட்டினார்.

செக்கிங் மேசையில் செய்வதுபோலவே அம்மா உள்ளே கைவிட்டு, நுனிவரை தடவி, தையல் ஓரமாகவே விரலை இழுத்துக்கொண்டு வந்தாள். விரலை உற்றுப் பார்த்தாள். அவர் பரீட்சை எழுதியவரைப்போலக் காத்திருந்தார்.

"காஞ்சிருக்கு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "வெதுவெதுன்னு வேற இருக்கு."

நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஷூவுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"இன்னொன்னையும் கழட்டச் சொல்லுடி."