அர்த்தனாரியின் பெட்டியும் கண்ணாயியின் வேலியும்

வாசலூர்பட்டி அர்த்தனாரி மிளகு பறிக்க மரமேறினால் மிளகோடு மட்டும் இறங்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் ஏறியவர், சில்வர் ஓக் மரங்கள் இரண்டின் உச்சிக்கு நடுவே ஒரு நீளக் கம்பியைக் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். கம்பியின் மறுமுனை வீட்டுக்குள் ஒரு சின்ன வானொலிப் பெட்டியில் இருக்கிறது. பெட்டி இணையத்தில் இருக்கிறது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தன் கணினி வழியாக அதைத் திருகி, இரவில் கொல்லிமலைக்கு வந்து சேரும் தூரதேச வானொலிகளைக் கேட்கலாம். பதிலுக்கு இவரும் அடுத்தவர் பெட்டிகளில் புகுந்து, பனி பெய்யும் ஊர்களின் வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார். கிறுக்கு என்று சிலர் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

போன கார்த்திகையில் பக்கத்துக் காட்டுக் கண்ணாயி, குச்சிக்கிழங்கைப் பன்றி தோண்டுகிறது என்று, நொடிக்கொரு முறை மின்சாரம் பாயும் சோலார் வேலி போட்டார். அன்றிலிருந்து பெட்டியில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் நொடிக்கொரு ‘டிக்’. கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

அப்போதுதான் நார்வேக்காரர் ஒருவர் எழுதினார். இந்தியப் பெருங்கடலில் ஒரு குட்டித் தீவின் வானொலி சனிக்கிழமையோடு மூடப்படுகிறது; நம் நேரத்துக்கு இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை கடைசி ஒலிபரப்பு; பதினோரு வருஷமாகத் தேடியும் அகப்படவில்லை; இந்த டிக் மட்டும் இல்லாவிட்டால் உங்கள் மலையில் கிடைக்கும் என்றார். அர்த்தனாரியும் அந்தத் தீவைக் கேட்டதில்லை. கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கும் உயிர் துடித்தது. பிறகு பதிவைப் போட்டுக் கேட்கலாம்தான். ஆனால் காற்றில் வரும்போதே கேட்டால்தான் இவர்களுக்குக் கணக்கு.

அர்த்தனாரி கூச்சக்காரர். கண்ணாயி வீட்டு வாசலில் போய் நின்றதும், அந்த அம்மா வாயைத் திறக்கும் முன்பே, ஒரு மணி நேரம் வேலியை நிறுத்தினால் காவலுக்குத் தானே உட்காருவதாகச் சொல்லிவிட்டார். கண்ணாயியும் சரி என்றார். காட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது; அங்கிருந்து கேட்க வழியில்லை. பெட்டியில் விளக்கு அணைந்தால் சுவிட்சைத் தட்டிவிடக் கண்ணாயியைத் தன் வீட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, தகர டப்பாவும் டார்ச்சுமாகக் கிளம்பினார்.

எட்டே முக்காலுக்குப் பன்றிகள் வந்தன; ஒன்றல்ல, ஐந்து. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் நுழைந்தன. ஒன்பதரை வரை டப்பாவைத் தட்டிக்கொண்டே காட்டைச் சுற்றினார். கிழங்கு தப்பியது. வேலிக்கு மறுபடி மின்சாரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

திரையில் நார்வேக்காரரின் செய்தி காத்திருந்தது: முழுசாகக் கேட்டேன், அழுதேன், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன். அர்த்தனாரிக்கு மனம் நிறைந்தது. கூடவே தாங்க முடியாத பொறாமையும் வந்தது.

கண்ணாயி ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை.

“ஒரு பொம்பளப் புள்ள பேசுச்சு சாமி. பாஷை தெரியல. கடைசில அதுக்குக் குரலே வரல, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் வெறும் இரைச்சல்தான். உனக்கு அது என்ன சொல்லுச்சுன்னு தெரியுமா?”

“நான் கேக்கவே இல்லீங்க அக்கா. உங்க காட்டுல பன்னி தொரத்திக்கிட்டு இருந்தனுங்க.”

கண்ணாயி அவரையும் அவர் கையிலிருந்த டப்பாவையும் பார்த்தார்.

“ஏஞ் சாமி, எங்காட்டுப் பன்னிய நான் தொரத்த மாட்டனா? ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமே.”

அதுவரை அர்த்தனாரிக்கு அது தோன்றவே இல்லை.