பஸ் போகாத பாலம்

எங்க வீட்டுக்காரர் ஒரு பாலத்தைக் காப்பாத்தினவர்னு ஊர்ல சொல்லுவாங்க. பாதிப் பேர் அதைத் திட்டுறதுக்குத்தான் சொல்லுவாங்க.

திண்டுக்கல்லுக்கு வெளியே, குடகனாத்து மேல, வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். இந்தக் கரையில எங்க தெருவும் மாதா கோயிலும் அவர் டிரில் மாஸ்டரா இருந்த பள்ளிக்கூடமும். அந்தக் கரையில எங்க கல்லறைத் தோட்டம், அதைத் தாண்டி மல்லிகைக் காடும் நாலஞ்சு ஊரும். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல எங்க மக மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. நடக்கப் பழகி ரொம்ப நாள் ஆகல. ஒரே பிள்ளை.

அவ இருந்தப்ப, சாயங்காலம் அவளை சைக்கிள்ல முன்னால உக்காத்தி வச்சு அந்தப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவார். நடுவுல நிறுத்தச் சொல்லி, இரும்பு மேல உள்ளங்கையால தட்டுவா. அந்தக் கைக்கு என்ன சத்தம் வரும்? அவர் கமுக்கமா சைக்கிள் பெல்லை அடிச்சு, "பாலம் பேசுது பாரு"ம்பார். அவளும் நம்பிருவா.

அவ போனப்பறம், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா அவர் நேரா பாலத்தைத் தாண்டிப் போயிருவார். நான் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் போவேன். போயிட்டு வந்தா ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. தையல் மிஷின்ல உக்காந்தாலும் கால் ஓடாது.

அப்பத்தான் பாலம் துருப்பிடிச்சுப் போச்சு, பக்கத்துலயே புதுசா காங்கிரீட் பாலம் கட்டப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. புதுப் பாலத்துக்கு ரோடு வேணும்ல? அது கல்லறைத் தோட்டத்துல பாதியை எடுத்துக்கிட்டுப் போகுது. எங்க பிள்ளை அந்தப் பாதியில கிடந்தா.

ஃபாதர் வீட்டுக்கே வந்து பக்குவமாத்தான் சொன்னார். வேற இடம் தருவாங்க, செபம் பண்ணி எலும்பை எடுத்து முறையா அங்க வைக்கலாம்னார். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. இவர் கேக்கணுமே! "தூங்குற பிள்ளைய எதுக்கு ஃபாதர் எழுப்பணும்?"னுட்டு சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார்.

அன்னையிலேர்ந்து ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சார். பழைய பாலத்தையே ரிப்பேர் பண்ண முடியாதான்னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் கேட்டார். கடைசியில ஒரு இன்ஜினியர் வந்து, மூட்டு மூட்டா சுத்தியலால தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இரும்பு நல்லாத்தான் இருக்கு, மேல்தளமும் சில ஆணிகளும்தான் போச்சுன்னார். அப்பறம் கணக்குப் போட்டுப் பாத்து, புதுசு வேண்டாம், இதையே சரி பண்ணுவோம்னு முடிவு பண்ணிட்டாங்க.

வேலை நடந்த அம்புட்டு மாசமும் இவர் ஸ்கூல் விட்டா ஆத்துக்குள்ளதான் நிப்பார். துருவைச் சுரண்டினாங்களாம், இத்துப்போன ஆணியைப் பிடுங்கிட்டு போல்ட்டு போட்டாங்களாம், தகடு வச்சு முடுக்கினாங்களாம். சோத்துத் தட்டு முன்னால இந்தக் கதைதான். "நம்ம வீட்டுக் கொல்லைத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கிடக்கு, அதுக்கு ஒரு இன்ஜினியர் வருவாரா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். மக போனப்பறம் அவர் பல்லு தெரியச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

பாலம் நின்னுச்சு. ஆனா கனவண்டி போகக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் குறுக்க உசரமா இரும்புக் கம்பி போட்டுட்டாங்க. பஸ் இந்தக் கரையோட திரும்பிரும். அக்கரை சனம் பூ மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டுப் பாலத்தைத் தாண்டி வரணும். ஒருநாள் மளிகைக் கடையில பூக்காட்டுக்காரர் ஒருத்தர் என் காதுபடவே சொன்னார்: "செத்த பிள்ளைக்காக மாஸ்டர் எங்க வயித்துல அடிச்சுட்டாரு." திரும்பி நல்லா நாலு வார்த்தை கேட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அந்தப் பூக்காட்டுக்காரர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சே.

ரெண்டாயிரத்துக்கு அப்பறம் சில வருசந்தான். பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கிட்டு இருந்த மனுசன் கிரவுண்டுலயே சாஞ்சுட்டார்.

"என்னையக் கொண்டு போயி அவ பக்கத்துல போட்டுரு"ன்னு எப்பவும் சொல்லுவார். பக்கத்துல ஏது இடம்? கல்லறைத் தோட்டம் நெரிஞ்சு கிடக்கு. அவ குழியையேதான் திறக்கணும். உள்ள கிடக்குற எலும்பை ஒரு வெள்ளைப் பையில கட்டி, புதுசா வைக்கிறவங்க காலடியில திரும்ப வைக்கிறது எங்க வழக்கம். அந்தப் பையை நானே தச்சேன். எத்தனை குழந்தைக்கு அளவெடுத்துச் சட்டை தச்சிருக்கேன், இதுக்கு அளவு தெரியல. தலகாணி உறை அளவுக்கு வெட்டி, குழி தோண்டுற அண்ணன்கிட்ட கொடுத்தனுப்பினேன்.

சவ வண்டி அந்தக் கம்பிக்குக் கீழ நுழையல. பெட்டியை இறக்கித் தோள்லதான் தூக்கினாங்க. முன்னால தோள் கொடுத்தது அந்தப் பூக்காட்டுக்காரர். நான் பாலத்துல பின்னாலயே நடந்தேன். கையி தன்னால பாலத்து இரும்பைத் தொட்டுக்கிட்டே வந்துச்சு.

கல்லறைத் தோட்டத்து வாசல்ல குழி தோண்டின அண்ணன் என்னைய ஓரமாக் கூப்பிட்டார். கையில நான் தச்ச பை, மடிச்ச மடிப்புக் கலையாம இருந்துச்சு.

"ஒண்ணும் இல்லக்கா"ன்னார்.

"என்னண்ணே இல்ல?"

"பிள்ளை எலும்பு. பெட்டிப் பலகைகூட இல்ல. ரொம்பச் சின்னது, ஆத்தோரத்து மண்ணு தின்னுருச்சு. சலிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

அவர் செத்துப்போனது நல்லதாப் போச்சுன்னு அந்த நிமிஷம் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். இல்லாத பிள்ளைக்காக ஒரு ஊரோட பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்ட மனுசன், இதைக் கேட்டிருந்தா தாங்கியிருக்க மாட்டார்.

குழி மேட்டுல இருந்து ரெண்டு கை மண்ணை அள்ளிப் பையில போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன். கடைசியா முகம் பாக்கப் பெட்டியைத் திறந்தாங்க. காலடியில வைக்கல, அவர் கைக்குள்ள வச்சேன். பூக்காட்டுக்காரர் குனிஞ்சு பாத்துட்டு, "பாப்பாவா?"ன்னு மெதுவாக் கேட்டார். ஆமான்னேன்.