அக்காவின் இரத்தமும் என் இடது காலும்

இடது கெண்டைக்காலில் இரத்தம் உறைந்து கட்டியிருப்பதாக ஸ்கேன் சொன்னபோது எனக்குக் கவலையைவிட அவமானமே அதிகம். அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பத்திரண்டு வருடம் பிறர் இரத்தத்தைச் சோதித்தவன் நான். சீனி வியாதி வந்த நாள் முதல் சோற்றைக் கோப்பையால் அளந்தேன், மாத்திரையை மணி பார்த்து விழுங்கினேன், அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பிலிட்டேன். கட்டி நுரையீரலுக்கு ஏறினால் கோப்பு காப்பாற்றாது என்பதும் எனக்குத் தெரியும்.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் எனக்கு அதிகம் என்றார் ஹட்டனில் பார்த்த டாக்டர். சீனி வியாதியும் அவற்றைக் கூட்டும், பரம்பரையும் கூட்டும். பரம்பரை என்றால் இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டியிருக்கலாம். கூடப்பிறந்தவர் ஒருவரையும் சோதித்தால் நல்லது என்றார்.

ராகலையிலிருந்து அக்கா வந்தாள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், இப்போது லீக்ஸ் பயிரிடும் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள். அவளுக்கும் சீனி வியாதிதான். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் மட்டும் என்று மூன்று முறை சொன்னேன். தான் தேநீரில் சீனி போட்டுப் பத்து வருடமாகிறது என்றாள், கொஞ்சம் பெருமையாக.

விடிந்ததும் குசினியில் நின்றாள். ஒரு கையில் வெறும் சாயத் தேநீர், மறு உள்ளங்கையில் சீனி. ஒரு மிடறு குடிப்பதும் ஒரு தடவை நக்குவதுமாக இருந்தாள். தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். நானும் அப்படிக் குடித்து வளர்ந்தவன்தான்.

“தேத்தண்ணியில போடலியே தம்பி. கையிலதான வச்சிருக்கேன்.”

கிளினிக்கில் பத்து வருடமாக, தேநீருக்குச் சீனி போடுகிறீர்களா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். சோதனையை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு, சீனி டப்பாவை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

முடிவு வந்ததும் இருவரும் டாக்டரிடம் போனோம். அவளுடைய சீனி என்னுடையதைவிட மோசம். உறைவுப் புரதங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. டாக்டர் அவளுடைய கால்களை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீர்கள் என்று கேட்டார். தோட்டத்துக்கு ஏற்றம், தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்கு இறக்கம், எண்ணிப் பார்த்ததில்லை என்றாள். அதே கேள்வி எனக்கும் வந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து நிறைய வாசிப்பதாகச் சொன்னேன். உட்கார்ந்தா என்று கேட்டார்.

இரத்தம் தாய் தகப்பன் கொடுத்தது. அதை ஏழு வருடம் நாற்காலியில் தேக்கி வைத்தது நான். டாக்டர் இதை மரியாதையான சொற்களில் சொல்லி, எனக்கு ஆயுளுக்கும் மாத்திரையும் முழங்கால்வரை இறுக்கமான காலுறையும் எழுதினார். நடப்பதை நம்பிச் சீனி தின்ன முடியாது என்று அக்காவையும் எச்சரித்து, அவளுக்கு இன்சுலின் ஊசி எழுதினார்.

வீட்டில் காலுறையைக் குனிந்து மாட்ட என்னால் முடியவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து இழுத்து ஏற்றினாள்.

“கொழுந்து மலையில நாங்க அட்டைக்கடிக்குப் பயந்து கால்மேஸ் போட்டோம். நீ நாற்காலிக்குப் பயந்து போடுறியாக்கும். எந்திரி, என்னைய பஸ் ஏத்திவிட வா.”

பஸ் நிலையம் வரை அவளுக்குப் பின்னால் நடந்தேன். ஏற்றத்தில் இரண்டு இடங்களில் நின்றேன். அவள் நிற்கவில்லை.