டோர்செட் பார்க்கில் ஒரே ஒரு புள்ளடி

நயாகரா பற்றி எழுதப் பல பேர் இருக்கிறார்கள். நான் ரொறன்ரோவுக்குப் போனது அரசியலிலிருந்து தப்பி ஓட. மேற்குச் சிட்னியில் ஒரு கட்சிக் கிளையில் பல வருடம் குப்பை கொட்டியவள் நான். யாருக்காக வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டேனோ, அந்தத் தலைவரை அவருக்குப் பின்னால் நின்று கைதட்டியவர்களே ஒரு காலையில் இறக்கிவிட்டார்கள். எதிர்க்கட்சி கவிழ்த்திருந்தால் பரவாயில்லை, இது சொந்தக் கட்சி. அடுத்த தேர்தலில் அதே தெருவுக்குப் போனபோது ஒரு பெண்மணி கதவைப் பாதி திறந்து, "இந்த ஆள் எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்டார். எங்கள் கிளைக்குள்ளேயே இரண்டு அணி, இரண்டு வாட்ஸ்அப் குழு. கேக் வெட்டுவதென்றாலும் வாக்கெடுப்பு. போதும் என்று டிக்கெட் போட்டேன்.

ஒக்ரோபரில் வா, மரங்கள் எல்லாம் சிவந்திருக்கும் என்று கூப்பிட்டவள் என் மச்சாள் வாசுகி. தான் மாநகரசபைத் தேர்தலில் நிற்பதை அவள் சொல்லவேயில்லை. சொன்னால் வரமாட்டேன் என்று தெரியும்.

வழிச்செலவு கேட்பவர்களுக்கு: சிட்னியிலிருந்து வன்கூவர் போய், அங்கே மாறி ரொறன்ரோ. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு முழு நாள் போய்விடும். விமான நிலையத்திலிருந்து விரைவு பஸ், பிறகு சுரங்க ரயிலின் மேற்கு முனையில் ஏறிக் கிழக்கு முனையில் இறங்கி, கென்னடி வீதியில் வடக்கே போகும் பஸ். டோர்செட் பார்க் வந்துசேர ஒன்றே முக்கால் மணி நேரம், கட்டணம் 3.30 டொலர். பயண அட்டை இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை தரம் மாறினாலும் அதே கட்டணம்தான். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

வாசுகியின் வீடு ஒரு உயரமான மாடிக் கட்டடத்தில். அங்கே பாதிப் பேர் தமிழர். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது, அதற்காக அலைந்து அலைந்துதான் அவள் தேர்தலுக்கே வந்தாள். அதே தொகுதியில் இன்னொரு தமிழரும் நின்றார். பெயர் செல்வன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். ஒரே கட்டடங்கள், ஒரே வாக்காளர்கள். இருவருக்கும் வாக்குப் பிரிந்தால் இருவரும் தோற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வந்த மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியாமல் வாசுகியின் துண்டுப் பிரசுரங்களை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போனேன். வாசல்தோறும் ஒரே கவலை. "வாசுகியும் எங்கட பிள்ளை, செல்வனும் எங்கட பிள்ளை. ஆருக்கெண்டு போடுறது?"

இதற்கு எங்கள் அவுஸ்திரேலியாவில் மருந்து இருக்கிறதே. எல்லோருக்கும் அதைச் சொன்னேன். வாசுகிக்கு ஒன்று என்று எழுதுங்கோ, செல்வனுக்கு இரண்டு என்று எழுதுங்கோ, எண்ணும்போது ஒருவர் போட்டியிலிருந்து வெளியே போனால் அந்த வாக்கு மற்றவருக்குப் போகும். பெரியவர்களின் முகமெல்லாம் மலர்ந்தது. இலங்கையில் ஒரே சீட்டில் பலருக்கு விருப்பு வாக்குப் போட்டுப் பழகியவர்கள் அல்லவா, ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஏழு மாடி முடித்துவிட்டு, பெரிய சாதனை செய்தவள் போல வாசுகியிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். "என்ன வேலை பாத்தனி மச்சாள்? இஞ்சை நம்பர் போடுறேல்லை. ஒராளுக்கு ஒரு அடையாளம், ஒரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான். ரெண்டு பேருக்குப் போட்டால் மெஷின் திருப்பித் துப்பும். வயசுபோனதுகள் வெக்கப்பட்டு வோட்டுப் போடாமலே வீட்டை வந்திடுங்கள்."

முன்கூட்டிய வாக்களிப்பு மறுநாள் காலை தொடங்குகிறது. வயதானவர்கள் எல்லோரும் அன்றுதான் போவார்கள். வாசுகிக்கோ அந்த மாலையே தன் பிரசாரக் கூட்டம். என் முகத்தை அந்த வாசல்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, இரண்டாம் முறை போய் வேறு கதை சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் இரண்டு வருடம் ஓடி ஓடிச் சேர்த்த வாக்கை ஒரே மத்தியானத்தில் நாசமாக்கியிருந்தேன்.

வாசுகி போனை எடுத்துச் செல்வனுக்கே அடித்தாள். நான் தடுத்தேன். எங்கள் கிளையில் இப்படி ஒரு பிழை நடந்தால் பொழுதுபடுவதற்குள் முகநூலில் இருக்கும், போட்டதும் எங்கள் ஆளாகவே இருப்பார். "செல்வன் அண்ணைக்கு என்னைவிட இந்தக் கட்டிடத்திலை சனத்தைத் தெரியும்," என்றாள் அவள், "அவர் சொன்னால்தான் கேக்குங்கள்."

செல்வன் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெறுங்கையோடு நின்றார். உங்கள் பிரசுரம் எங்கே என்று கேட்டேன்.

"காரிலை வச்சிட்டு வந்தனான். இண்டைக்கு வோட்டுக் கேக்கப்படாது."

நம்பாமல் அவரோடு கூடவே போனேன், உளவு பார்க்க என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவிலும் அதே வார்த்தை. "அன்ரி, நம்பர் போடாதேங்கோ. ஒராளுக்கு மட்டும் போடுங்கோ. இந்தப் பிள்ளை அவுஸ்திரேலியா முறையைச் சொல்லிப்போட்டுது." ஐந்தாம் மாடியில் ஒரு அம்மா விடவில்லை.

"அப்ப ஆருக்குத் தம்பி போட? உனக்கோ?"

"அதை நான் இண்டைக்குச் சொல்லமாட்டன் அன்ரி. யோசிச்சு நீங்களே போடுங்கோ."

அன்று லிஃப்ட் வேறு நின்றுவிட்டது. படியில் இறங்கும்போது எங்கள் கட்சி தன் தலைவரையே இறக்கிய கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "இஞ்சையும் கட்சி எலக்சன் எண்டால் இதே குத்துவெட்டுத்தான் தங்கச்சி. சிற்றி எலக்சனிலை கட்சி இல்லை, அதாலை கொஞ்சம் மனுசராய் இருக்கிறம்." அந்த மனிதர்மேல் எனக்கு வந்த மரியாதையை எந்த மேடைத் தலைவர்மேலும் நான் வைத்ததில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒக்ரோபர் குளிரைச் சிட்னிக் குளிர் என்று நினைக்காதீர்கள், தடித்த ஜக்கெட் வேண்டும். கார் இல்லையென்றால் டோர்செட் பார்க் இருக்கும் ஸ்காபரோவிலேயே தங்குங்கள். ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம், ஸ்ரௌவ்வில் நகரங்களில் சொந்தக்காரர் வீடுகள் பெரிதாக இருக்கும், ஆனால் பால் வாங்கவும் ஒருவர் கொண்டுபோய் விடவேண்டும். மரங்களை ரூஜ் பள்ளத்தாக்கில் பாருங்கள், இலவசம். தேர்தல் காலமென்றால் வாயை மூடிக்கொண்டிருங்கள், அல்லது அந்த ஊர் வாக்குச்சீட்டை முதலில் பாருங்கள்.

முடிவு வந்த மாலை, கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறொருவர் வென்றார். வாசுகி இரண்டாவது, செல்வன் மூன்றாவது. இருவரின் வாக்கையும் கூட்டினால் வென்றவரைத் தாண்டும். எல்லோரும் மனதுக்குள் அந்தக் கூட்டலைச் செய்தார்கள். இனித் தொடங்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

சண்டை தொடங்கத்தான் செய்தது.

"அடுத்தமுறை நான் நிக்கேல்லை, நீங்கள் நில்லுங்கோ அண்ணை."

"விசர்க்கதை கதையாதையும். சனம் உமக்குத்தான் கூடப் போட்டிருக்கு, நீர்தான் நிக்கவேணும்."

"எனக்குப் போட்டது லிஃப்டுக்காண்டி. உங்களை ஸ்காபரோ முழுக்கத் தெரியும்."

"நான் நிண்டதே பிழை. ஒதுங்கி இருந்தால் நீர் இண்டைக்கு வெண்டிருப்பீர்."

குரல் உயர்ந்துகொண்டே போனது. சுடச்சுட ரோல்ஸ் தட்டோடு வந்தவர்கள் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று. நாற்காலிக்காக எத்தனையோ சண்டை பார்த்தவள் நான். அதை மற்றவருக்குக் கொடுக்க இரண்டு பேர் கத்திச் சண்டை போட்டதை அன்றுதான் பார்த்தேன், பொறாமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.