ஆள்காட்டி முட்டை வைத்த இடம்

புது அணையில் தண்ணீர் தேக்கியதற்கு மறு கோடையில், தண்ணீர் வற்றி, முழுகிப்போன எங்கள் நிலம் வெளியே வந்தது. சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலம்தான், ஆனால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஈரம் காய்வதற்குள் கேழ்வரகு விதைத்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் துடித்தார். வீட்டில் மிஞ்சியிருந்தது விதைக் கேழ்வரகு மட்டும். அதுவும் போனால் ரோட்டில் ஜல்லி உடைக்கப் போக வேண்டியதுதான்.

ஏரியிலும் ஆற்றோரத்திலும் தண்ணீர் வற்றிய இடத்தில் விதைக்கிறவர்களுக்கு எங்கள் பக்கம் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆள்காட்டிக் குருவி எங்கே முட்டை வைக்கிறதோ, அந்த வருஷம் தண்ணீர் அதுவரைக்கும் ஏறாது. அதற்கு மேலே தைரியமாக விதைக்கலாம். அதனால் என்னைக் குருவி பார்க்க அனுப்பினார். கல்யாணமாகி வந்த புதிது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பேன். மடையானும் நீர்க்காகமும் மீனைப் பார்க்கும், நான் அதுகளைப் பார்ப்பேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

எங்கள் நிலத்தின் அடிக்கோடியில், தண்ணீரை ஒட்டி, ஒரு ஜோடி நாலு முட்டை வைத்தது. போய்ச் சொன்னதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அப்பிடின்னா நெலம் பூராவும் விதைக்கலாம் புள்ள!"

"மழ வந்துச்சுன்னா என்னங்க பண்றது?"

"அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

முட்டையைச் சுற்றி ஒரு பாய் அகலம் ஏர் ஓட்டாமல் விட்டு, மிச்சம் முழுக்க விதைத்தார். பயிர் சாண் உயரம் வந்தது. தாய்க்குருவி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, சுடுகிற முட்டையைக் குளிர வைக்கும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

எங்கள் ஊரில் பொட்டு மழை இல்லை. மைசூர்ப் பக்கம் கொட்டியிருக்கிறது. பாழாய்ப்போன ஆறு அங்கேயிருந்துதானே வருகிறது! குருவிக்கும் தெரியவில்லை, இவருக்கும் தோன்றவில்லை. பட்டப்பகலில் செந்தண்ணீர் ஏறியது. முதலில் முட்டை போனது. பொழுது சாய்வதற்குள் பயிரும் போனது.

குருவிகள் இரண்டும் தண்ணீர்மேல் கத்திக் கத்திச் சுற்றின.

"கத்துறியா? உன்ன நம்பித்தானடி விதைச்சேன்!" என்று கல்லெடுத்து வீசினார். ஒன்று விழுந்தது.

"ஐயோ, அது என்னங்க பண்ணுச்சு?"

அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "கொழம்பு வை."

அழுதுகொண்டேதான் வைத்தேன். பாழும் பசி, நானும் தின்றேன். அந்த நிலத்திலிருந்து அந்த வருஷம் எங்கள் வாய்க்கு வந்தது அது ஒன்றுதான்.