மீட்டிங்கில் இருக்கும் முதலாளியும் ஒரு ஃபேக்ஸ் கார்டும்

எங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியைத் தேடி யார் வந்தாலும் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. நான் பேக்கிங் ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு வந்த முதல் நாளே அக்கவுண்டன்ட் சொன்னதைக் கேட்டு நானும் பழகிக்கொண்டேன். அந்த மீட்டிங்கில் கலந்துகொள்பவர் முதலாளி ஒருவர்தான். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு, மீட்டிங் எவ்வளவு மும்முரமாக நடக்கிறது என்பது குறட்டையிலேயே தெரிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்புகளுக்கு இரும்பு வளையம் கடைந்து கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. கவரைப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, ஷெட்டில் நின்றபடி அந்த வளையங்களுக்கு எண்ணெய் தடவிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். தகரக் கூரைக்குக் கீழே வேலை. கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் எண்ணெய் வாடை சோற்றில் வரும். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் என்று எப்படியோ முதலாளி காதுக்குப் போய், ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஃபேனுக்கு நேர் கீழே. நாற்காலிக்கு ஒரு கை உடைந்திருந்தது, அதனால் என்ன? அந்த நாற்காலி எனக்கு வேண்டும், சாகிற வரைக்கும் வேண்டும் என்று உட்கார்ந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நாற்காலிக்கு ஆபத்து ஜப்பானிலிருந்து வந்தது. எங்களிடம் வளையம் வாங்கும் ஜப்பான் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் மெயில் அனுப்புவார்கள், ஆர்டரை மட்டும் ஃபேக்ஸில்தான் அனுப்புவார்கள். முத்திரை குத்தின காகிதம் அப்படியே வந்து சேர வேண்டுமாம். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்காதீர்கள், நான் கேட்டு அலுத்துவிட்டேன். எங்கள் பழைய ஃபேக்ஸ் மெஷினுக்குள் பல்லி புகுந்து, பல்லியும் மெஷினும் சேர்ந்தே போய்விட்டன. அதற்கென்று இருந்த தனி போன் லைனையும் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்று வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு லைன், முதலாளி அறையில்.

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எங்கே இருந்தேன்? கோர்ஸில் படித்த ஞாபகத்தில், "புது மெஷின் எதுக்கு சார், கம்ப்யூட்டர்லயே ஃபேக்ஸ் மோடம் கார்டு போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, படிச்ச புள்ள" என்றார் அக்கவுண்டன்டிடம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டைச் செருக இடமே இல்லை. ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்துவந்தோம். கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருவர் பழைய கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெட்டியைத் திறந்து, பின்பக்கத் தகரத்தை நெம்பி எடுத்து, கார்டைச் செருகி அழுத்தினார். ஸ்குரூ உள்ளே விழுந்தது. இரண்டு பேரும் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியதில், ஸ்குரூவோடு யாரோ எப்போதோ தொலைத்த கம்மல் திருகாணியும் வந்து விழுந்தது.

கார்டின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். ஒன்று லைன் வருவதற்கு, இன்னொன்று போன் மாட்டுவதற்கு. மாற்றி மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கார்டைத் திட்டினோம். பிறகு சரியாக மாட்டி, முதலாளி அறைக்கு வருகிற லைனிலேயே ஒரு கிளை இழுத்துக் கொடுத்தோம். முதலாளி வெளியே போயிருந்தார். "நீ உள்ள போயி ரிசீவர எட்து காதுல வெச்சிக்கோக்கா, டயல் டோன் வருதா சொல்லு" என்றார் மெக்கானிக். வைத்துக்கொண்டேன். அவர் வெளியே ஃபேக்ஸ் புரோகிராமில் 'இப்போதே பெறு' என்கிற பட்டனை அழுத்திவிட்டார். அதை அழுத்தினால் மறுமுனையில் யாரும் இருக்கிறார்களா என்றெல்லாம் மோடம் பார்க்காது. லைனைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடும். கீ என்று அது என் காதுக்குள் போட்ட கூச்சலில் ரிசீவரைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

"டோன் வர்தாக்கா?" என்றார் அவர், ஒன்றும் தெரியாத மாதிரி.

பஜாரில் ஃபேக்ஸ் வசதி உள்ள ஜெராக்ஸ் கடை ஒன்று இன்னும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் அனுப்பச் சொன்னோம். ஜம்மென்று வந்தது. மோடத்துக்குப் பொட்டு வைத்து டீ வாங்கிக் குடித்தோம்.

ஜப்பான் ஃபேக்ஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. 'உங்கள் லைன் பிஸியாகவே இருக்கிறது' என்று மெயில்தான் வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். கார்டைக் கழற்றி அதன் தங்கப் பல்லையெல்லாம் ரப்பரால் தேய்த்துவிட்டு மாட்டினார். காலையில் முதலாளி வருவதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடை ஃபேக்ஸ் வந்தது, மதியம் ஜப்பான் ஃபேக்ஸ் வரவில்லை. "மத்தியானம் வெயில்ல ஒயரு எளகிக்கும்மா" என்று அக்கவுண்டன்ட் விளக்கம் சொன்னார். அவர் பி.காம். கார்டைப் பெட்டிக்குள் வேறு இடத்தில் செருகினோம். பெட்டி மேல் எலுமிச்சம்பழம் வைத்தோம்.

உண்மையான காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜப்பானில் மாலை ஆபீஸ் முடிகிற நேரத்தில்தான் அவர்கள் ஆர்டரை அனுப்புவார்கள். அது நமக்கு மதியம், மீட்டிங் நேரம். மீட்டிங்குக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று முதலாளி செல்போனை அணைத்து டிராயரில் போட்டுவிட்டு, மேஜை போனின் ரிசீவரைத் தூக்கிக் கீழே வைத்துவிடுவார். ரிசீவர் கீழே கிடந்தால் லைன் பிஸி. லைன் பிஸியாக இருந்தால் மோடம் என்ன செய்யும், பாவம்!

இதை முதலாளியிடம் யார் சொல்வது? சொல்ல வேண்டும் என்றால் அவர் தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை எங்கள் ஆபீசில் கிடையாது. மூன்றாவது முறை வந்தபோது மெக்கானிக்கே தடுப்பில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். முதலாளி மேஜையில் தலை வைத்திருக்க, காதுக்குப் பக்கத்தில் ரிசீவர் மல்லாந்து கிடந்தது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அக்கவுண்டன்டைப் பார்த்தேன். அக்கவுண்டன்ட் ஃபேனைப் பார்த்தார்.

"எர்த்து பிராப்ளம்" என்றார் மெக்கானிக், ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு.

அந்த வாரம் ஜப்பானிலிருந்து கடைசி மெயில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபேக்ஸ் எங்களுக்கு வந்து சேராவிட்டால் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"இன்னாமா, கார்டு போட்டா வரும்னு சொன்ன. இன்னும் வர்ல. வெள்ளிக்கெயமையும் வர்லன்னா அத்த கயட்டி போட்டுட்டு, நீயும் பேக்கிங்குக்கே பூடு. அங்க ஆளு பத்தல."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. இவர் தூங்குவதற்கு நான் எண்ணெய் தடவ வேண்டுமா?

வெள்ளிக்கிழமை மதியம். எலுமிச்சம்பழம் சுருங்கிப்போயிருந்தது. 'இப்போது அனுப்புகிறோம்' என்று ஜப்பான் மெயில் வந்தது. கொஞ்ச நேரத்தில் 'பிஸி' என்று அடுத்த மெயில். உள்ளே மீட்டிங் உச்சத்தில் இருந்தது. நாற்காலியைத் தரையில் தேய்த்தேன். இருமினேன். எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டேன், அது உருண்டு போய் அக்கவுண்டன்ட் காலடியில் நின்றது.

"சத்தம் போடாதம்மா. சார் மீட்டிங்ல இருக்காரு."

அப்போதுதான் என் காதில் விழுந்த அந்தக் கூச்சல் ஞாபகத்துக்கு வந்தது. ரிசீவர் முதலாளியின் காதுக்குப் பக்கத்தில்தானே கிடக்கிறது? ஃபேக்ஸ் புரோகிராமைத் திறந்தேன். மௌஸைக் கொண்டுபோய் 'இப்போதே பெறு' மேல் வைத்தேன். அழுத்தினேன்.

உள்ளே கீ என்று ஒரு கத்தல். அதைத் தொடர்ந்து "அய்யய்யோ" என்று இன்னொரு கத்தல், அது மோடம் இல்லை. நாற்காலி சரிகிற சத்தம். ரிசீவரை டக்கென்று அறைந்து வைக்கிற சத்தம். நான் அவசரமாக மோடத்தை நிறுத்திவிட்டு, டைப் அடிக்கிற மாதிரி எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அக்கவுண்டன்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பார்க்காமல் இருப்பதற்காக.

உடனே போன் அடித்தது. ஜப்பான்தான் மறுபடியும் அனுப்புகிறது, ஆனால் எனக்குப் பயம். ஏனென்றால், விழித்திருக்கும்போது முதல் மணியிலேயே போனை எடுத்து "அலோ" சொல்லும் ஆள் எங்கள் முதலாளி. எடுத்தார் என்றால் ஃபேக்ஸ் கெட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறையின் மூலையில், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, பாம்பைப் பார்ப்பதுபோல போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துக்கொண்டே இருந்தது. தொடவில்லை. மோடம் எடுத்தது.

பிரிண்டரிலிருந்து தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முத்திரை தெரிந்ததும் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முதலாளி வெளியே வந்தார். முடி கலைந்திருந்தது, கன்னத்தில் மேஜை விரிப்பின் பூ பதிந்திருந்தது. தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"போனு இன்னா கத்து கத்துது தெரிமா? காதே கீஞ்சி பூட்ச்சி."

"எர்த் பிராப்ளம் சார்" என்றேன்.

அவர் தாளோடு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பேக்கிங்குக்கு வேற ஆளு பாத்துக்கறேன். நீ இங்கியே இரு."

"சரி சார்."

"இத பாரும்மா. மத்தியானம் நான் தூங்கிக்கினு இருப்பேன். ஃபேக்ஸு வர்தா, கதவ தட்டி வாயால சொல்லு, எய்ந்துக்கறேன். மிஷின வுட்டு கத்த வெக்காத, இன்னா?"

எனக்கு முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. பின்னால் அக்கவுண்டன்ட் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. தான் தூங்குகிற விஷயத்தை முதலாளியே சொல்லிவிட்டார், ஆனாலும் சாயங்கால வெயில்கூட மாறாமல் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. ரயிலில் கவரைப்பேட்டை வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ஜப்பானிலிருந்து இன்னொரு ஆர்டர் வருவதாக மெயில் வந்தது. மதியம்தான். எழுந்து போய் முதலாளி அறைக் கதவு முன்னால் நின்றேன். தட்டுவதற்குக் கையை மடக்கினேன். உள்ளே குறட்டை சீராகப் போய்க்கொண்டிருந்தது. "சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. வாயால் சொல்லு என்று அவரே சொல்லியிருக்கிறார், அக்கவுண்டன்ட் முன்னாலேயே சொல்லியிருக்கிறார், ஆனால் கதவுக்கு முன்னால் நிற்பது நான்தானே. அக்கவுண்டன்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"சார் மீட்டிங்ல இருக்காரும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, பட்டனை அழுத்தினேன்.