பாலைவனத்துக்கு ஆள் சேர்த்தது

மஸ்கட்டில் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. மகளின் பிளாட்டில் பல்கனிக் கதவைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு புல்கூட முளைக்காத பழுப்பு மலை, அதற்கு மேலே வானம். ஒரு பொட்டு மேகம் கிடையாது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். கண்டியில் ஹந்தானை மலைப் பக்கம் ஒரு பார்வை பார்க்காமல் நாங்கள் உடுப்புக் காயப்போடுவதில்லை, குடையில்லாமல் சந்தைக்கு இறங்குவதில்லை. அறுபது வயதுக்கு மேல் கழுத்து அந்தப் பழக்கத்தை விடுமா? நான் அண்ணாந்து பார்க்கிறேன். கீழே கார் கழுவுகிற மனிதர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் அண்ணாந்து பார்க்கிறார். இருவருக்கும் அங்கே ஒன்றும் தெரிவதில்லை.

நான் வந்தது விசிட் விசாவில். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் கொண்டுவந்தது ஒரு கேள்வி. தாரணி இங்கே ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, கொஞ்ச வருஷம்தான் அம்மா, பிறகு கண்டிக்கே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய அப்பா மாநகரசபையில் கிளார்க்காக இருந்தவர். மகள் சொன்னதை நம்பிக் கண்டி கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி எடுத்தார். அது பூசி முடிவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். கொஞ்ச வருஷம் நிறைய வருஷமாகிவிட்டது. எப்போது வருவாய் என்று போனில் கேட்டால் சிக்னல் சரியில்லை என்பாள். நேரிலேயே கேட்டுவிடுவது என்றுதான் விமானம் ஏறினேன். வந்த நாளிலிருந்து சம்பல் அரைத்துக்கொடுக்கிறேனே தவிர, கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

அப்படியிருக்க ஒருநாள் வேலையால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அம்மா, வர்ற வெள்ளிக்கெழம ஒங்கள பாலைவனம் பாக்கக் கூட்டிட்டுப் போறேன். ஜீப் புக் பண்ணிட்டேன்" என்றாள். வஹீபா என்கிற மணல்வெளியாம். மத்தியானம் போய்ச் சேர்ந்து, மணல்மேட்டில் சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டு, கூடாரத்தில் சாப்பிட்டுத் திரும்பலாம் என்றாள்.

"ஜீப்புல எத்தன பேரு போகலாம்?"

"ஆறு பேரு. ஆனா நாம ரெண்டு பேருதாம்மா."

அன்றிலிருந்து அந்த நாலு காலி சீட்டும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தன. சாமி கும்பிடும்போதுகூட வந்து நின்றன.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் ட்ரிப் என்றால் வேன் நிறைய வேண்டும். எங்கள் வீட்டில் வேன் பேசிய மறுநிமிஷம் தாரணியின் அப்பா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டுச் சிங்கள டீச்சர் வருவார், அவருடைய தங்கச்சி வருவார், சபையில் கூட வேலை செய்கிறவர் குடும்பத்தோடு வருவார். ஹுன்னஸ்கிரிய மலை ஏறும் வளைவுகளில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருப்பார்கள், மீதிப் பேர் பாட்டு. எங்காவது பனிமூட்டத்துக்குள் வேனை நிறுத்தி, வாழையிலைச் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துப் பிரிப்போம். காலடியில் மேகம் போகும். யாருடைய பிள்ளை யாருடைய மடியில் தூங்குகிறது என்று கணக்கில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சீட்டைக் காலியாக விட்டுவிட்டுப் போவது, வீட்டுக்கு வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

ஆகவே, மறுநாள் தாரணி வேலைக்குப் போனதும் கீழ்மாடிக்கு இறங்கினேன். அங்கே எங்கள் கண்டிப் பக்கத்து அக்குறணையைச் சேர்ந்த பரீனா இருக்கிறார். கணவர் இங்கே ஒரு கடையில் மனேஜர், இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். ஆறு பேருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"ஜீப்புல எடம் சும்மா கெடக்குது பரீனா, நீங்களும் வாங்க."

"மெய்யாவா மாமி? வந்த நாள்ல இருந்து இவருக்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சிட்டு. நாங்க வாறோம், இன்ஷா அல்லாஹ்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. தாரணிக்குக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

ஜீப் ஓட்டப்போகிற சாலிம் என்கிற ஓமானியர், வீட்டு வழி பார்த்துக்கொள்ள ஒரு மாலை வந்தார். நீள வெள்ளை அங்கி, பூப்போட்ட தொப்பி, நல்ல மரியாதை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வெள்ளிக்கிழமை மழை வருமா என்று கவலையோடு கேட்டேன். மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. நெஞ்சில் கைவைத்து, "இன்ஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ்" என்றார். வந்துவிடுமோ என்று நான் தலையில் கை வைத்தேன். நான் அவர்கள் ஊருக்காக மழை கேட்டு வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டாராம், தாரணி பிறகு விளக்கினாள். போகும்போது எனக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழன் மாலை நான் பை கட்டினேன். குடை, பொலித்தீன் உறை, ஸ்வெட்டர், எலுமிச்சம்பழம், ஒரு சவர்க்காரத் துண்டு. தாரணி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"சவுக்காரம் எதுக்கு?"

"அட்டைக்கு. கால்ல பூசினா கடிக்காது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாலைவனத்துல அட்டையா?" மகள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது! அந்தச் சந்தோஷத்தில், இதுதான் நேரமென்று, பரீனா குடும்பமும் வருவதைச் சொன்னேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. பையை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா இப்பிடிச் செய்றீங்க? சின்ன வயசுல இருந்து எந்த ட்ரிப்புலயாவது ஒங்க பக்கத்துல எனக்கு சீட் கெடச்சிருக்கா? எப்பவும் டீச்சர் மடி, இல்லாட்டி அவங்க தங்கச்சி மடி. ஒருதடவையாவது நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம்னு பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அதே வேன், அதே மடிகள். அவளுக்கு இப்படியா இருந்தது? இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அப்பிடி என்ன, ரகசியம் பேசவா போறோம்?" என்றேன்.

"ஆமா. ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். வீட்ல சொன்னா நீங்க குசினிக்குள்ள போயிருவீங்க. அங்க எந்திரிச்சுப் போக ரூம் இல்ல, அதான்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு நியூசிலாந்துல நிரந்தரமா இருக்க விசா கெடச்சிருச்சும்மா. நான் கண்டிக்கு வரப்போறதில்ல."

நான் குசினிக்குள் போனேன்.

அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. அடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஒரு சட்டியைக் கழுவினேன். எனக்குக் கோபம் வந்தது. பாதியில் நிற்கிற மேல்மாடியைச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டதே என்று அழுதேன். பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் அழுதேன், அவளுக்குக் கேட்கக்கூடாதென்று.

கொஞ்சம் தெளிந்ததும், இதையாவது அவளுக்காகச் செய்வோமென்று கீழே இறங்கினேன். பயணம் நின்றுவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் போதும், நாளைக்கு அவளும் நானும் தனியே போகலாம். பரீனா கதவைத் திறந்ததும் ஏலக்காய் மணம் வந்தது. மேசையில் பயணத்துக்குச் செய்த வட்டிலப்பம் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளும் நாளைய சட்டையை இன்றைக்கே போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மாமி, பாருங்க, இதுகள் ரெண்டும் கழட்டமாட்டேங்குதுகள்" என்றார் பரீனா.

கொடுத்த சீட்டைத் திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. சட்டை வடிவாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். தாரணி வாசலில் நின்றாள். ஒரு பார்வையிலேயே விளங்கிக்கொண்டாள். "பரவாயில்லம்மா" என்றாள்.

மறுநாள் ஜீப் வந்ததும், முன் சீட்டில் என்னை ஏற்ற எல்லோரும் மரியாதைக்கு நின்றார்கள். முடியாதென்று சொல்லிவிட்டு, பரீனாவின் கணவரை அங்கே உட்காரவைத்து, நான் கடைசி வரிசையில் மகளின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். தார்ரோடு முடிந்து மணல் தொடங்கியபோது ஜீப் குலுங்கி, தாரணியின் தலை என் தோளில் பட்டது. அதை அவள் எடுக்கவில்லை.

மணலைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. செம்மஞ்சளாக, மடிப்பு மடிப்பாக, பார்க்கப் பார்க்கத் தூக்கம் வருகிற மாதிரி விரிந்திருந்தது. நடந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தால் காற்று ஏற்கனவே பாதியை மூடியிருந்தது. சூரியன் விழுந்ததும் சாலிம் திசையைக் காட்ட, பரீனாவின் கணவர் பாயை விரித்தார். அவர்கள் எல்லோரும் தொழுகைக்கு நின்றார்கள், பிள்ளைகளும்கூட, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த மேற்குப் பக்கம் பார்த்து. நானும் தாரணியும் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றோம். எழுந்து போக ரூம் இல்லை.

எவ்வளவு நிச்சயமாக ஒரு பக்கத்தைப் பார்த்து நிற்கிறார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். இருட்டத் தொடங்கியிருந்த பக்கம். "இந்தா, இப்பிடி. நேரா போனா கடல், அப்பறம் கண்டி."

"நியூசிலாந்து?"

மறுபடியும் போனைப் பார்த்தாள். என் தோளை இன்னொரு பக்கம் திருப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் கை அசையவில்லை.

"அதே பக்கந்தாம்மா. கண்டியையும் தாண்டி, இன்னும் அங்கிட்டு."

"அப்ப நம்ம வீட்டத் தாண்டித்தான் போவ."

"ம்" என்றாள். அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன், சின்னப் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல. போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தொழுது முடித்த பரீனா, அங்கே என்ன மாமி தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே எங்களிடம் வந்தார். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போகப்போகும் ஊரைப் பார்க்கிறேனா, மகள் போகப்போகும் ஊரைப் பார்க்கிறேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.